ஐஸ் வைத்த கதை

1

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டை. பல நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுக்காரர் ஒருவர் வரைந்த குளிர்கால ஓவியத்தின் நகல் அது. ஒரு கிராமம், பக்கத்தில் ஒரு ஆறு. ஆறு முழுக்க உறைந்து கிடக்க, ஊரே அதன்மேல் இறங்கி நிற்கிறது. காலணிக்கு அடியில் இரும்புப் பட்டை கட்டி வழுக்கிக்கொண்டு போகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள், குழந்தையைப் பலகையில் உட்காரவைத்து இழுக்கிறவர்கள், மல்லாக்க விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற ஒரு தொப்பிக்காரர். கரையோரம் இரண்டு படகுகள் ஐஸில் மாட்டிக்கொண்டு சும்மா நிற்கின்றன.

ஒட்டியவள் என் மகள் ஹரிணி. வயது பதினைந்து. இந்த நெதர்லாந்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளாக எனக்கென்று ஒன்றை வாங்கி வந்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஓவியத்தில் உங்களுக்கு ஆர்வம் உண்டா என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். எனக்கு ஓவியமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் நாங்கள் மூன்று பேரும் இன்றைக்கு இங்கே இருப்பதற்கு அந்தப் படமும் ஒரு காரணம். அதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2

நான் சென்னைக்கு வடக்கே, எளாவூர் பக்கத்துக்காரன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்; நைனாவுக்கு நெல் போடுகிற நிலம் கொஞ்சம் உண்டு. ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, பழவேற்காடு போகிற ரோட்டில் காதர் பாய் வைத்திருந்த ஐஸ் ஃபேக்டரியில் சேர்ந்தேன். நிலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை உறையவைக்கப் போகிறான் என்று நைனா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஏரி மீனும் இறாலும் நண்டும் சென்னைக்குப் போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்க ஐஸ் வேண்டும். நீளமான தகரக் கேன்களில் தண்ணீர் நிரப்பி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஒன்றரை நாள் கழித்துத் தூக்கினால் ஆள் உயரத்துக்கு ஐஸ் பார் வரும். நல்ல பார் கண்ணாடியாக இருக்கும். காற்றும் அழுக்கும் மாட்டிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். உடைவது எப்போதும் அந்த வெள்ளையில்தான். கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம், ஸ்பேனரால் தட்டினால் போதும். நல்ல ஐஸ் கணீரென்று கேட்கும், மோசமான ஐஸ் சொத்தென்று கேட்கும்.

காதர் பாய் கறார் பேர்வழி, ஆனால் கிண்டல்காரர். ஊத்துக்கோட்டையில் பெண் பார்க்கப் போக எனக்கு லீவு தேவைப்பட்டது. நேராகக் கேட்கத் தைரியமில்லாமல், இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நம் ஐஸ் மாதிரி எவனும் போடுவதில்லை, அதற்குக் காரணம் பாய்தான் என்று ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இன்னாபா, ஐஸ் ஃபேக்டரிக்காரனுக்கே ஐஸ் வெக்கிறியா? எத்தினி நாள் லீவு வோணும், அத்த சொல்லு."

அந்த லீவில் பார்த்த பெண்தான் சுமதி. கல்யாணத்துக்குப் பிறகு புதுவாயலில் வீடு பிடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஆபரேட்டர் ஆனேன். அங்கே பழகிய ஒரு இன்ஜினீயர் மூலமாக, இந்த நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில் இருக்கிற மீன் கிடங்குக்கு வந்துசேர்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் என் பிழைப்பு ஐஸ்தான். ஊர்தான் மாறியது, உத்தியோகம் மாறவில்லை.

டச்சு மொழியில் ஐஸுக்கு 'எய்ஸ்' என்று பெயர். சாப்பிடுகிற குச்சி ஐஸுக்கும் அதே வார்த்தைதான். நம் ஊரிலும் அப்படித்தான் என்பதால், வந்த அன்றைக்கே இந்த மொழியை முக்கால்வாசி கற்றுவிட்டதாக நினைத்தேன். முதல் வாரமே அந்தத் திமிர் அடங்கியது. நடைபாதையில் ஐஸ் படிந்திருக்கிறது, எல்லாரும் ஜாக்கிரதை என்று சொல்லப் போய், நடைபாதையில் எல்லாருக்கும் ஐஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் நிஜமாகவே ஸ்பூனோடு வந்தார்கள். அன்றிலிருந்து வேலையிடத்தில் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். தலையாட்டியே எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

3

போன வருஷம் கிடங்கு முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, அடுத்த கோடையோடு இந்த இடத்தை மூடப்போவதாகச் சொன்னார். இங்கே தங்க எனக்கு இருந்த அட்டை அந்த வேலையோடு சேர்ந்தது, வேலை போனால் அட்டையும் போகும். சுமதியின் அட்டையும் ஹரிணியின் அட்டையும் என் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தன. நிரந்தர அட்டை வாங்கிவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அதற்கு மொழித் தேர்வில் தேற வேண்டும். படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் எப்படியோ கரையேறிவிட்டேன். பேசுவதில் இரண்டு தடவை ஃபெயில்.

இந்த மொழியில் வினைச்சொல் சில சமயம் நம்மைப் போலக் கடைசியில் வரும், சில சமயம் இரண்டாவதாக வரும். எப்போது எது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிடும். இரண்டு தடவையும் நான் தப்பாகப் பேசி ஃபெயிலாகவில்லை, பேசாமலே ஃபெயிலானேன்.

அலுவலகங்களில் இன்னொரு தொல்லை என் பெயர். என் பெயர் தேவராஜ், இனிஷியல் க. அந்த 'க' என்னவென்று முதல் நாள் கேட்டபோது கன்னையா என்று நைனாவின் பெயரைச் சொன்னேன். அதைக் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். அதிலிருந்து நான் திரு. கன்னையா. சுமதி திருமதி கன்னையா, அதாவது என் அம்மா. திரையில் 'கன்னையா' என்று வரும்போதெல்லாம் நைனா வந்துவிட்டாரா என்று ஒரு நொடி வாசலைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

மூன்றாவது தேர்வுக்குத் தேதி கொடுத்த அன்றைக்கு, இதிலும் தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். புதுவாயலில் பழைய வீட்டுக்காரரிடம் பேசிவைக்கவா என்றும் கேட்டேன். ஹரிணி தட்டிலிருந்து தலையைத் தூக்கி டச்சில் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் போங்கள், நான் வரவில்லை, எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

அதில் கோபம்கூட இல்லை, தகவல் மாதிரி சொன்னாள். ஆறு வயதில் இங்கே வந்தவள் அவள். தமிழ் புரியும், பதில் மட்டும் டச்சில்தான் வரும். அவளுக்கு நான் 'பப்பா'. ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் பேசும்போது வாய்க்கு வாய் நைனா நைனா என்பதைக் கேட்டு அவளும் அவள் சிநேகிதியும் சிரித்துக்கொள்வார்கள். பதினைந்து வயதுப் பெண்ணை விட்டுவிட்டு எப்படிப் போவது, இழுத்துக்கொண்டு போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சுமதி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"சும்மா பேஜாராவாதீங்க. வாயத் தொறந்தா போதும், தப்போ ரைட்டோ. தொறக்கவே மாட்டேன்னா இன்னா பண்றது?"

4

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் குளிர் ஒரேயடியாக இறங்கியது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாய் உறைந்துவிட்டது. இப்போதெல்லாம் அது எப்போதாவதுதான் நடக்கும். அதனால் ஊர் முழுக்கத் திருவிழாக் களை. பரணிலிருந்து பழைய சறுக்கு இரும்புகளை எடுத்துத் துடைக்கிறார்கள். முன்பின் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் சூப் போடப்போவதாக வேலிக்கு மேலாக எட்டிச் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஹரிணி சிநேகிதிகளோடு கிளம்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். நடுவில் மெதுவாக இறங்கியும் கரையோரத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஐஸைத் தட்டினேன். நடுவில் கறுப்புக் கண்ணாடியாக இருந்தது, கணீரென்று கேட்டது. பாலத்துக்கு அடியிலும் நாணல் பக்கமும் வெள்ளையாக இருந்தது, சொத்தென்று கேட்டது. அந்தப் பக்கம் போகாதே என்று தமிழில் கத்தினேன். சிநேகிதிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆள் கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தால் யாராயிருந்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள். ஹரிணி கரைக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். ஐஸைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், இந்தியாவில் இருந்து வந்தவருக்கு?

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு எப்படித் தெரியும், நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். சொன்னதே இல்லை. அப்பா வேலைக்குப் போவார், வருவார், உடம்பில் மீன் வாடை வீசும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அவளோடு பேச எனக்கு டச்சு போதாது, அவளுக்குத் தமிழ் போதாது. இரண்டு பேரும் சிக்கனமாகவே இருந்துவிட்டோம்.

அரை மணி நேரத்தில் ஊர்ச் சறுக்கு சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் துளைபோடுகிற கருவியோடு வந்தார்கள். அங்கங்கே துளைபோட்டு ஆழம் பார்த்துவிட்டு, பாலத்துக்கு அடியையும் நாணல் ஓரத்தையும் சேர்த்துச் சிவப்பு நாடா கட்டினார்கள். நான் சொன்ன அதே இடம். ஹரிணி நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நடுப்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அவள் போன அழகைப் பார்த்தபடி நான் குளிரில் வெகுநேரம் நின்றேன். இவளை எப்படிப் புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்துவது?

5

தேர்வு அறையில் இரண்டு பெண்கள். வெள்ளை முடி வைத்த ஒருவர் கேட்பார், சின்னவர் எழுதிக்கொள்வார். பெயர், வேலை எல்லாம் கேட்டுவிட்டு, பெரியவர் மேஜைமேல் ஒரு படத்தை வைத்தார். இதில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள் என்றார். இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற இந்தச் சறுக்குப் படம்தான்.

முதலில் என் கண்ணில் பட்டவை படகுகள். சித்திரை வெயிலில் பழவேற்காடு ஏரி ஓரம் வற்றிப்போய், தரை உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிடும், ஜனங்கள் ஏரித் தரைமேல் நடந்தே போவார்கள். அதே காட்சி மாதிரித் தெரிந்தது. ஏரியில் தண்ணீர் போய்விட்டது, படகுகள் காத்திருக்கின்றன என்று ஆரம்பித்துவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் ஆட்களின் கம்பளிக் கோட்டைக் கவனித்தேன். இல்லை இல்லை, தண்ணீர் இருக்கிறது, ஐஸாக இருக்கிறது என்று திருத்தினேன். சின்னவர் எதையோ எழுதினார்.

ஐஸ் என்று வாயில் வந்ததும் கொஞ்சம் தைரியம் பிறந்தது. நடுவில் ஐஸ் கறுப்பு, அது நல்ல ஐஸ். நாணல் பக்கம் வெள்ளை, அது கெட்டது. இந்தக் கூடைக்காரர் அங்கே போகக்கூடாது, அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். வினைச்சொல் எங்கெங்கேயோ போய் விழுந்தது. பெரியவர் படத்தைத் தன் பக்கம் திருப்பிக் கூடைக்காரரைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு மூலையைக் காட்டினார். அங்கே பட்டுக் கவுன் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்க, ஒரு கனவான் அவள் முன்னால் மண்டியிட்டுச் சறுக்கு இரும்பைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல். இவர் என்ன செய்கிறார் என்று கேட்டார்.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவன் அவளுக்கு ஐஸ் வைக்கிறான் என்று சொன்னேன், நல்ல டச்சில், வினைச்சொல் சரியான இடத்தில்.

பெரியவர் குனிந்து பார்த்தார். எங்கே வைக்கிறார் என்று கேட்டார்.

தலையில் என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். இரண்டு பேரும் அந்தப் பெண்ணின் தொப்பியை உற்றுப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மூன்று பேருக்கும் டிக்கெட் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன். வழக்கமாக இந்த இடத்தில்தான் என் வாய் மூடிக்கொள்ளும். ஆனால் ஸ்பூனோடு வந்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள், சுமதி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. போவதுதான் போகிறோம், விளக்கிவிட்டாவது போவோம் என்று தோன்றியது.

எங்கள் ஊரில் வெயில் பயங்கரம் என்று தொடங்கினேன். அங்கே ஒருவன் உங்கள் தலையில் ஐஸ் வைத்தால் உங்களுக்குச் சுகமாக இருக்கும். சுகமாக இருக்கும் நேரத்தில் அவன் கேட்பதைக் கொடுத்துவிடுவீர்கள். அதனால் காரியம் ஆக வேண்டி ஒருவரைப் புகழ்ந்தால், ஐஸ் வைக்கிறான் என்போம். உதாரணம் வேண்டுமே என்று காதர் பாயிடம் லீவு கேட்ட கதையைச் சொன்னேன். ஃபேக்டரி, கேன், உப்புத் தொட்டி, பாய் டீயைக் கீழே வைத்தது, ஐஸ் ஃபேக்டரிக்காரனுக்கே நான் ஐஸ் வைத்தது எல்லாவற்றையும். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. இந்த மொழியில் என் வாழ்நாளில் மொத்தமாகப் பேசியதைவிட அன்றைக்கு அதிகம் பேசினேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார், லீவு கிடைத்ததா?

கிடைத்தது, பெண்ணும் கிடைத்தாள் என்றேன்.

சின்னவர் சிரித்துவிட்டார். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்தேன். தேறினேனா இல்லையா என்று தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சில் எட்டு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது ஒன்று இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சுமதியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 'தலையில்' என்ற இடம் வந்தபோது பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஹரிணி வந்து உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஒரு பார் எவ்வளவு கனம், தட்டினால் எப்படிக் கேட்கும், பாய் எப்படிப் பேசுவார் என்று துருவித் துருவிக் கேட்டாள். பாய் பேசியதை டச்சில் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் பேசியபடியே சொல்லிக்காட்டினேன். இரண்டு தடவை சொல்லவைத்தாள்.

6

நாலு வாரம் கழித்துக் கவர் வந்தது. திரு. கன்னையா அவர்களுக்கு என்று போட்டிருந்தது. நான் பிரிக்கவில்லை. சுமதியும் ஈரக் கையைச் சாக்கு வைத்து ஒதுங்கிக்கொண்டாள். ஹரிணிதான் கிழித்து, நின்றபடியே மனசுக்குள் படித்தாள். இங்கத்துக் கடிதங்களில் நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும். அவள் கண் மூன்றாவது வரிக்குப் போகும்வரை எனக்கு உயிர் என்னிடம் இல்லை.

தேறியிருந்தேன். சுமதி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் ஊருக்குப் போன் போட்டு நைனாவிடம் சொன்னேன். அவர் பெயருக்கு வந்த கடிதம் என்றதும் அவருக்கு ஏகப் பெருமை. அப்போ நான்தானே பாஸு என்றார்.

பிறகு நிரந்தர அட்டை வந்தது. கால்வாய் தாண்டி ஒரு பால் பண்ணையில் குளிர்பதன வேலையும் கிடைத்துவிட்டது. இப்போது ராத்திரி படுத்தால் தூங்கிவிடுகிறேன். மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

போன மாதம் ஹரிணியைப் பள்ளிக்கூடத்தில் ஓவியக் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். வந்ததும் பையிலிருந்து இந்த அட்டையை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். கனவானையும் பட்டுக் கவுன்காரியையும் விரலால் தொட்டுக் காட்டினாள். நான் உடனே, என் மகளைப் போல அறிவாளி இந்த ஊரில் உண்டா, இந்த நாட்டில்தான் உண்டா என்று தமிழில் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஐஸ் ஃபேக்டரிக்காரன் பொண்ணுக்கே ஐஸ் வெக்கிறியா நைனா?"